மாமா இறக்கிய விமானம்

மாமாவுக்கு வலது கண் போன வருஷம் நான் நாலாவது படித்தேன்.

மாமா என்றால் அம்மாவுக்குத் தம்பி. கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்குகிற ஒரு கம்பெனியில் கிரேன் ஓட்டினார். கொட்டகையின் உச்சியில் கண்ணாடிக் கூண்டு. அதற்குள் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். அதே கிரேனுக்குக் கீழே கொக்கி மாட்டுகிறவர் எங்கள் அப்பா. நான் நைனா என்று கூப்பிடுவேன். மேலே மச்சான், கீழே மாமன். வீட்டுச் சோறு இரண்டு பேருக்கும் ஒரே தூக்கில் போகும்.

கொக்கி மாட்டுகிறவர் கையைக் காட்டிவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். லோடு தரையில் உட்கார்ந்த பிறகுதான் கிட்டே போகலாம். வேறு ஆள் ஓட்டினால் நைனாவும் அப்படித்தான் நிற்பார். மாமா ஓட்டினால் விலக மாட்டார். இறங்குகிற இரும்புத் தொட்டிமேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, மாட்டைக் கூட்டி வருகிற மாதிரி அதோடே நடந்து வருவார். சூப்பர்வைசர் கத்துவார். "என் மச்சான் ஓட்றான் சார்" என்பார் நைனா. மச்சானுக்கு அவர் செய்த மரியாதை அது.

ஒருநாள் ஈர இரும்பு உலைக்குள் போய்விட்டது. ஈரம் உள்ளே போனால் உலை வெடித்துத் துப்பும். கூண்டில் ஒரு கண்ணாடி உடைந்து, ரொம்ப நாளாக அங்கே அட்டைதான் இருந்தது. அந்த அட்டையைப் பொத்துக்கொண்டு வந்த இரும்புக் குழம்பு ஒரு சொட்டு மாமாவின் கண்ணில் விழுந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். டீ கிளாஸை எடுக்கப் போனால் கை முன்னாலேயே மூடிக்கொள்ளும். படி இருக்கிறது என்று காலை வைப்பார், இருக்காது. ஒரு கண் போனால் கிட்டே எது, தூரம் எது என்று தெரியாதாம். கம்பெனியில் சொன்னார்கள், கண் பழகட்டும், வந்து ஓட்டிக் காட்டு. சரியாக ஓட்டினால் கிரேன் உனக்கு. இல்லையென்றால் காண்ட்ராக்டில் இரும்பு பொறுக்கப் போ. ஆர்.கே.பேட்டையில் அவருக்குப் பெண் பேசி வைத்திருந்தது. பெண் வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள், கொஞ்சம் மரியாதையாக.

கண்ணைப் பழக்க மாமா பிடித்த வழிதான் விமானம்.

காயலான் கடையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடைத்தது. மொபைல் கடை வைத்திருந்த அவர் கூட்டாளி அதைச் சரிசெய்து, விமானம் ஓட்டுகிற கேம் ஒன்றை ஏற்றிக் கொடுத்தார். கூடவே ஒரு கைப்பிடி. "கிரேன்ல கீறா மாதிரியே கீது பாப்பா" என்று மாமா அதைப் பிடித்துப் பார்த்தார்.

சின்ன விமானம். மூக்கில் காத்தாடி. கீழே ஒரு ஊரில் கிளம்பி ஆற்றைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். போகப் போக இரண்டு பக்கமும் மலை நெருங்கி வரும். எங்கள் ஊரில் மலை என்றால் மழை பெய்து புகை அடங்கின நாளில் மேற்கே மங்கலாகத் தெரிவதுதான். இது கண்ணுக்கு முன்னால் சுவராக நிற்கும். ஆற்றின் கடைசி வளைவு தாண்டினால் ஒரு மேட்டு ஓரத்தில் விமானம் இறங்குகிற இடம். கட்டைவிரல் அளவு. அது முடிகிற இடத்தில் பாறை.

"நடுவுல போவக்கூடாது பாப்பா. ஒரு ஓரமா போணும். அப்பதான் திரும்ப எடம் இருக்கும்" என்பார் மாமா. "அந்த வளைவ தாண்டிட்டா திரும்பவே முடியாது. எறங்கித்தான் ஆவணும்."

திரையின் கீழே ஓடுகிற உயர நம்பரை வாசிப்பது என் வேலை. நான் கத்திக்கொண்டே இருப்பேன். மாமா மலையில் முட்டுவார். ஆற்றில் விழுவார். சில நாள் எல்லாம் சரியாக வரும், வளைவில் திரும்பும்போது கரண்ட் போய்விடும். இருட்டில் மாமா சிரிப்பார்.

அம்மா அடுப்பிலிருந்தே கேட்பாள். "எத்தினி பேர சாவடிச்ச இன்னிக்கி?"

"நாலு பேரு அக்கா. பைலட்டோட அஞ்சு."

"பைலட்டுக்கு சோறு போட்டாச்சு. வந்து கொட்டிக்கினு போ."

மழைக்காலம் முடிவதற்குள் மாமாவுக்கு விமானம் வசப்பட்டுவிட்டது. ஓரமாகப் போவார், வளைவில் சாய்ப்பார், பூ வைக்கிற மாதிரி இறக்குவார். அதற்குப் பிறகு டீ கிளாஸையும் ஒரே தடவையில் எடுத்தார். கிளாஸை எப்போதும் ஒரே இடத்தில்தான் அம்மா வைப்பாள் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனா வந்து பின்னால் நின்றார்.

"தள்ளுடா, நான் ஓட்றேன்" என்றார். கைப்பிடியைப் பிடித்தார், முதல் மலையிலேயே போய் முட்டினார்.

"ரெண்டு கண்ணு வெச்சிக்கினு இன்னா மாமா இப்டி ஓட்ற?" என்றார் மாமா.

நைனா சிரித்துக்கொண்டே எழுந்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "பாப்பா நம்பர் சொல்லாம எறக்கு, பாக்கலாம்" என்றார்.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். மாமா ஆற்றைப் பிடித்தார். மலை நெருங்கியது. வளைவு வந்தது. இறக்கினார். சக்கரம் தொட்டது தெரியவில்லை. பாறைக்கு முன்னால் நின்றது.

நைனா மாமாவின் தோளில் ஒரு தட்டு தட்டினார். மறுநாள் கம்பெனியில் சொல்லிவிட்டார். "என் மச்சானுக்கு கண்ணு பழகிடுச்சு சார். ஏத்தி பாருங்க. கீழ நான் நிக்கறேன்."

ஓட்டிக் காட்டுகிற நாள் காலையில் அம்மா தூக்கைக் கொடுத்துவிட்டு அதை விடவில்லை.

"இன்னிக்கி ஒரு நாளு தள்ளி நில்லேன்."

"தள்ளி நின்னா அவனுக்கு தெரியாதா? மேலர்ந்து மொதல்ல அதத்தான் பாப்பான்."

மாமா வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டிருக்கும்.

நடந்ததை நைனாதான் பிற்பாடு சொன்னார். காலித் தொட்டி. முதல் தடவை நல்லபடியாக உட்கார்ந்தது. சூப்பர்வைசர்கூடத் தலையை ஆட்டினார். அடுத்த தடவையும் நைனா தொட்டியில் கை வைத்துக்கொண்டுதான் நடந்து வந்தார். தரைக்கு ஒரு முழம்தான் பாக்கி. மேலேயிருந்த மாமாவுக்கு இன்னும் ஆள் உயரம் இருக்கிற மாதிரி பட்டிருக்கிறது. வேகமாக விட்டுவிட்டார். நைனா வலது காலை இழுத்துக்கொண்டார். இடது கால் அடியில் மாட்டியது.

பாதி பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் மாமா உள்ளே வரவில்லை. வார்டு வாசலில் போவதும் வருவதுமாக இருந்தார். நைனாதான் படுத்தபடியே கூப்பிட்டார்.

"இன்னாடா மச்சான், அங்கயே சுத்திக்கினு கீற? எறங்க எடம் இல்லியா?"

பக்கத்துக் கட்டில்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "தம்பி பைலட்டா?"

"ஆமா சார்" என்றார் நைனா. "மலையில எறக்குவான்."

மாமா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆர்.கே.பேட்டையிலிருந்து ஆள் வந்து அம்மாவிடம் பேசிவிட்டுப் போனார். மாமா இரும்பு பொறுக்கப் போனார். தெருவில் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். குருடனை மேலே ஏற்றினால் வேறு என்ன ஆகும். தண்ணி பிடிக்கிற இடத்தில் என் காதுபடவே சொன்னார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. மாமா விமானத்தை இறக்கினதைப் பார்த்தவள் நான். கண்மேல் தப்பே இல்லை என்று காட்ட நினைத்தேன்.

வீட்டில் யாரும் இல்லாதபோது கம்ப்யூட்டரைப் போட்டேன். பள்ளிக்கூடக் கைக்குட்டையால் வலது கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். மாமா ஓட்டினதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் கொஞ்சம் வந்திருந்தது. பல தடவை விழுந்தது. கடைசியில் இறங்கியது. கட்டை அவிழ்த்துவிட்டு ஓட்டினேன். அப்போதும் அதே மாதிரிதான் விழுந்தது, அதே மாதிரிதான் இறங்கியது.

மாமா வேலை விட்டு வந்தார். கை காலெல்லாம் துரு. வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"மாமா, நான் ஒரு கண்ண கட்டிக்கினு ஓட்டனேன். ரெண்டு கண்ணுலயும் ஓட்டனேன். ரெண்டும் ஒண்ணுதான் மாமா. கண்ணு மேல தப்பே இல்ல."

"இன்னா சொன்ன?"

திரும்பச் சொன்னேன்.

உள்ளே போனார். திரையில் மலை நின்றுகொண்டிருந்தது. கையை நீட்டி அதைத் தொட்டார். உள்ளங்கையை வைத்து, மலையின் மேலிருந்து ஆறு வரைக்கும் தடவினார். திரும்ப ஆற்றிலிருந்து மேலே தடவினார். கண்ணாடியில் துரு ஒரே நேராக இழுத்துக்கொண்டு போனது. தூரத்து மலை, பக்கத்து மலை எல்லாம் அந்த ஒரே கண்ணாடிதான். இரண்டு கண் இருக்கிற நைனாவும் அதே தட்டையில்தான் போய் முட்டினார். ஒரு கண் இருக்கிற மாமாவும் அதே தட்டையில்தான் இறக்கினார். அதைப் பார்த்து, கண் பழகிவிட்டது என்று நம்பித்தான் நைனா தொட்டியில் கை வைத்தார். இதெல்லாம் இப்போது நான் எழுதுவது. அன்று எனக்குத் தெரிந்தது, மாமா கையைக் கழுவாமல் கம்ப்யூட்டரைத் தொடுகிறார், அம்மா திட்டுவாள் என்பதுதான்.

மாமா வயரையெல்லாம் பிடுங்கினார். எல்லாவற்றையும் சாக்கில் போட்டு, சைக்கிளில் கட்டிக்கொண்டு காயலான் கடைப் பக்கம் போனார்.

நல்ல சேதிதானே சொன்னேன், இதற்கு ஏன் கோபம் என்று அம்மா வருகிறவரைக்கும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.