மீன் வண்டிக்குள் காது சோதனை

காலை ஆறு நாற்பதுக்குக் கோட்டைப்பட்டினம் மீன் இறங்குதளத்தில் காரை நிறுத்திவிட்டு வந்து நான் முதலில் பார்த்தது என் மகளின் முதுகை. மீன் ஏற்றும் பெட்டி வண்டி ஒன்றின் திறந்த கதவுக்குள் தலையை விட்டு, கையிலிருந்த ஒலிமானியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, உள்ள ஏறிக் கதவச் சாத்துங்க. நான் வெளிய நின்னு கத்துறேன்.”

ஏறினேன். கதவு மூடியது. அவள் கத்தினாளா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஒன்றும் கேட்கவில்லை.

அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது. விசைப்படகு எஞ்சின் அருகே பல வருடங்கள் உட்கார்ந்தவர்களின் காது என்ன ஆகிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. சோதிக்க அமைதியான அறை வேண்டும். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாரின் விசில். கல்யாண மண்டபத்தில் மைக் செட்டுக்காரர் “ஹலோ, ஹலோ” என்று ஒரு மணி நேரமாக யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் வண்டி டிரைவர் ஒருவர்தான் சொன்னார்: “எங்க பொட்டிக்குள்ள செல்போனே எடுக்காது, வேணும்னா பாருங்க.” ஐஸ் உருகாமல் இருக்க அடித்த தடித்த சுவர் சத்தத்தையும் தடுத்தது. வாடையை மட்டும் தடுக்கவில்லை. கழுவிவிட்ட பிறகும் நெத்திலி அங்கேயே குடியிருந்தது.

நான் காரோட்டியாகவும் பேட்டரி தூக்குபவனாகவும் போயிருந்தேன். உள்ளே ஓர் ஓரத்தில் பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்துகொண்டேன்.

முதலில் வந்தவர் ஓர் எஞ்சின் டிரைவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். சலவை மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தார். அவருடைய படகின் முதலாளி ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து டீ குடித்தபடி, வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காதில் ஹெட்போன், கையில் பட்டன். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். அவர் அமுக்கினார், அமுக்கிக்கொண்டே இருந்தார். மகள் கருவியிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். மறுபடியும் அமுக்கினார். அவர் முன்னால் போய் நின்று, ஹெட்போனை ஒரு பக்கம் விலக்கினாள்.

“அண்ணே, நான் இன்னும் சத்தமே போடலையே.”

“போடப் போறேன்னு தெரிஞ்சிச்சும்மா.”

அவள் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. அவர் கதவைப் பார்த்தார். “மொதலாளி வெளிய இருக்காரு. காது போன ஆளுன்னு தெரிஞ்சா எஞ்சினுக்கு வேற ஆளப் போட்டுருவாரு. எனக்கு வேற வேல தெரியாது.”

“ரிசல்ட்ட ஒங்ககிட்ட மட்டும்தான்ணே சொல்லுவேன்.”

அடுத்து, நுனியில் ரப்பர் மாட்டிய சிறு குழாயை எடுத்தாள். நல்ல காதுக்குள் சத்தம் அனுப்பினால், காதே மிக மெல்லிய சத்தத்தைத் திருப்பி அனுப்பும், அதைக் கருவி பிடித்துக்கொள்ளும் என்று விளக்கினாள்.

“நான் எதையும் அமுக்க வேணாமா?”

“வேணாம். பேசவும் வேணாம்.”

“அப்ப காட்டிக்குடுக்குறது எங்காதேதானா?” என்றார். பிறகு பட்டனைத் தானாகவே கேட்டு வாங்கி, முதல் சோதனையை மறுபடி ஒழுங்காகச் செய்தார். இந்த முறை நெடுநேரம் அமுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

முடிந்தபோது மூவருக்கும் வேர்த்து ஊற்றியது. காற்றுக்காகக் கதவைத் திறந்தேன். மகள் அவர் காதருகே குனிந்து, தணிந்த குரலில் சொன்னாள். அவர் ஒவ்வொன்றையும் சரிபார்த்துக்கொண்டார், எஞ்சின் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரலில்.

“கீச்சுச் சத்தம் கேக்கலையா? ரெண்டு காதும் அப்படித்தானா?”

இறால் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். ஒருத்தி, “அதான் என்ன வெல சொன்னாலும் தலையாட்டுறாரா?” என்றாள்.

முதலாளி டம்ளரை வைத்துவிட்டு வண்டியருகே வந்தார். எஞ்சின் டிரைவர் பட்டனைக் கையில் பிடித்தபடியே இறங்கினார்.

“ஏம்ப்பா, இதுக்கா பொட்டிக்குள்ள பூட்டிக்கிட்டு ஒக்காந்திருந்த? ஒங்கிட்ட எல்லாரும் கைச்சாடையிலதான பேசுறோம். எதுக்குன்னு நெனச்ச?”

“எஞ்சின் சத்தத்துல கேக்காதுன்னு பேசுறீங்கன்னு நெனச்சேன், மொதலாளி.”

“கரையிலயும் அப்படித்தானப்பா பேசுறோம்.”

பிறகு என் மகளிடம் திரும்பினார். “எஞ்சின் அடிக்கிற சத்தம் இவனுக்குக் கேக்குமாம்மா?”

அவள் டிரைவரைப் பார்த்தாள்.

“சொல்லும்மா. ஊருக்கே சொல்லியாச்சு.”

“அது நல்லாக் கேக்குது. கனத்த சத்தம் இன்னும் கெடல. அதக் காப்பாத்த இனிமே காதுமூடி போடணும். காதுக்கு மிஷின் வைக்கப் புதுக்கோட்டைக்கு ஒரு நாள் வரணும்.”

முதலாளி கடல் பக்கம் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வண்டிக்குள் ஏறி, கூடையில் உட்கார்ந்தார். “எனக்கும் பாரு” என்றார். மகள் கதவைச் சாத்தினாள். வெளியே நானும் டிரைவரும் நின்றோம். பட்டன் அவர் கையிலேயே இருந்ததால் கதவு மறுபடி திறந்தது.

அடுத்து விசைப்படகுகள் கடலுக்குப் போன அன்று, முதலாளியின் படகு எஞ்சினில் அந்த டிரைவர்தான் இருந்தார். ஆரஞ்சு நிறக் காதுமூடி போட்டிருந்தார்.