இந்திய நடனத்துக்கு ஒரு பெண்

எனக்கு ஆடத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படித்த பள்ளிக்கூடத்தில் இதைக் காது கொடுத்துக் கேட்க ஓர் ஆள் கிடைக்கவில்லை.

அது அரசாங்கத்துப் பெண்கள் பள்ளி. காலையில் எல்லாப் பள்ளிகளையும் போலக் கணக்கு, ஆங்கிலம், பூகோளம். மத்தியானத்துக்கு மேல்தான் அதன் குணம் தெரியும். ஒரு பக்கம் பியானோ, ஒரு பக்கம் நாடக வசனம், மாடியில் வண்ணக் குழம்பு வாசம். ஏதாவது ஒரு கலையில் கைத்திறமை காட்டினால்தான் சேர்த்துக்கொள்வார்கள். நான் தேக்கா சந்தை மீன்கடையை வரைந்து எடுத்துக்கொண்டு போனேன். ஓவிய ஆசிரியர் ஒரு சீனர், அதிகம் பேசமாட்டார்; பேசினால் கடைசியில் ஊர் வழக்கப்படி ஒரு 'லா' போடுவார். என் படத்திலிருந்த வாளை மீனைப் பார்த்துவிட்டு, "இது இன்னும் நாறுது லா" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது என்பது பிறகுதான் தெரிந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். தலைமையாசிரியை விடவில்லை. அவர் வெள்ளைக்காரர், நல்லவர்தான், ஆனால் பிடித்தால் ஒரே பிடி. வெள்ளைக்காரர்களிடமிருந்து எங்கள் தீவுக்குச் சுயாட்சி வந்த புதிது. மூன்று இனமும் ஒன்றென்று காட்ட, எந்த விழாவானாலும் மேடையில் சீன நடனம், மலாய் நடனம், இந்திய நடனம் மூன்றும் இருந்தே ஆக வேண்டும். அவரிடம் முதல் இரண்டும் இருந்தன. மூன்றாவதற்கு ஆள் இல்லை. அந்த வருஷம் பள்ளியில் சேர வந்த ஒரே தமிழ்ப் பெண் நான். அவர் என் அம்மாவைப் பார்த்து, கையை இப்படியும் அப்படியும் வளைத்துக் காட்டி, "டான்ஸ்?" என்று கேட்டார்.

அம்மாவுக்குத் தெரிந்த ஆங்கிலம் இரண்டே. ஒன்று "எஸ் டீச்சர்", மற்றது "தேங்க்யூ டீச்சர்". இரண்டையும் சொல்லிவிட்டார்.

"அம்மா, எனக்கு எங்கேம்மா ஆடத் தெரியும்?" என்று காதில் சீறினேன்.

"சும்மா இரு புள்ள. பெரியவங்க கேக்கும்போது இல்லன்னு சொன்னா சேத்துக்குவாங்களா?"

எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. டாக்டர் கேட்டால் ஆமாம், வாத்தியார் கேட்டால் ஆமாம், துரை கேட்டால் கேட்பதற்கு முன்பே ஆமாம். அன்றைக்கு அம்மா சொன்ன அந்த ஆமாமில் நான் வசமாக மாட்டிக்கொண்டேன்.

கற்றுக்கொடுக்கவும் பள்ளியில் யாரும் இல்லை. உடற்பயிற்சி ஆசிரியை ஓர் இசைத்தட்டை வாங்கிக் கொடுத்து, "உங்கள் ஆட்டம்தானே, உனக்கே வரும்" என்றார். எங்கிருந்து வரும்? தைப்பூசத்தில் பார்த்த காவடி ஆட்டத்தில் பாதி, சினிமாவில் பார்த்ததில் பாதி, இரண்டையும் கலந்து குதித்தேன். ஆண்டு விழா அன்று அம்மாவின் கல்யாணப் பட்டுச் சேலையை மடித்து ஊசி குத்திக் கட்டிவிட்டார்கள். சலங்கை பக்கத்து வீட்டில் காவடி எடுப்பவருடையது. ஒவ்வொரு காலும் ஒரு மணங்கு கனத்தது. ஆட்டம் முடிந்ததும் கைதட்டல் கூரையைப் பிளந்தது. மேடையைவிட்டு இறங்கினால் போதுமென்று நான் நின்றிருந்தேன். "அடுத்த வருஷமும் நீதான்" என்றார் தலைமையாசிரியை.

அடுத்த வருஷம் மட்டுமா? வெளிநாட்டு விருந்தாளி வந்தால் நான். சமூக நிலையம் திறந்தால் நான். மாடியில் ஈர வண்ணத்தில் தூரிகையை வைத்திருப்பேன், கீழேயிருந்து ஆள் வரும்: "இந்தியன் டான்ஸ், கீழே வா." பள்ளியில் என் பெயரே அதுதான். திரும்பி வந்து பார்த்தால் வண்ணம் காய்ந்து வெடித்துக் கிடக்கும். எத்தனை தடவை அழுதிருப்பேன் தெரியுமா? மூக்கைச் சிந்திக்கொண்டே தாளைக் கிழித்திருக்கிறேன்.

மூன்றாம் வருஷம் ஊருக்குத் தொலைக்காட்சி வந்தது. சமூக நிலையத்துப் பெட்டிக்கு முன்னால் எங்கள் தெருவே உட்கார்ந்திருந்தது. அதில் நான் குதித்தேன். மறுநாள் அப்பா சிராங்கூன் ரோட்டு முடிவெட்டும் கடைக்குப் போயிருக்கிறார். அங்கே ஒருத்தர், "உங்க பொண்ணு நேத்து டிவியில வந்துச்சே. அது என்ன, சாமி வந்து ஆடுச்சா?" என்று கேட்டிருக்கிறார். கடையே சிரித்திருக்கிறது. அப்பா பாதி வெட்டிய தலையோடு எழுந்து வந்துவிட்டார்.

"இனிமே மேடை ஏறுனா காலை ஒடிச்சிருவேன். நாளைக்கு ஒருத்தன் பொண்ணு கேட்டு வருவானா?"

நானும் அதைத்தானே விரும்பினேன்! மறுநாளே தலைமையாசிரியையிடம் போய், அப்பா வேண்டாமென்கிறார் என்றேன். அவர் அமைதியாகச் சொன்னார்: "உன் அம்மா இந்த அறையில் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்." சந்தேகமென்றால் அம்மாவையே கேட்டுவிடுவோம் என்று வரவழைத்தார். அம்மா வந்தார். முந்தானையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "எஸ் டீச்சர், தேங்க்யூ டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம், "டீச்சர் மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னு எப்படிங்க சொல்றது?" என்று அவர் அழ, அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அது நான்தான்.

கடைசி வருஷம் வந்தது. ஆண்டு விழா மேடையின் பின்திரையை ஓவிய வகுப்பிலிருந்து ஒருத்திதான் வரைவாள். அதை வரைகிறவளைத்தான் ஓவிய ஆசிரியை ஆவதற்கான பயிற்சிக்கு எங்கள் ஆசிரியர் சிபாரிசு செய்வார். அது வருஷா வருஷம் நடக்கிற வழக்கம். அவர் என்னைக் கூப்பிட்டு, "திரை உனக்குத்தான். ஆனா ஒத்திகையும் அதே வாரம். ரெண்டும் முடியாது லா" என்றார்.

தலைமையாசிரியையிடம் ஓடினேன். கெஞ்சினேன். வெட்கத்தை விட்டு அழுதேன். அவருக்கும் மனம் இளகியது. "இன்னோர் இந்தியப் பெண் கிடைத்தால் நீ திரையை வரை" என்றார்.

அந்த வாரமே கிடைத்தாள்.

புதிதாகச் சேர ஒரு தமிழ்ப் பெண் வந்திருப்பதாகவும், அவள் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாததால் மொழிபெயர்க்கத் தலைமையாசிரியை என்னை வரச் சொல்வதாகவும் ஆள் வந்தது. படிகளில் பறந்து இறங்கினேன். அப்பாடா, முருகா, தப்பித்தேன் என்று வாய்விட்டே சொன்னேன்.

அறையில் ஓர் அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எலும்பும் தோலுமாக ஒரு பெண், தலையணை உறைக்குள் போட்ட வயலினை மார்போடு கட்டிப் பிடித்துக்கொண்டு. சற்று முன்புதான் வாசித்துக் காட்டியிருக்கிறாள். இசை ஆசிரியை முகமெல்லாம் பல்லாக நின்றிருந்தார்.

"குழந்தைக்கு நடனம் வருமா என்று அவரைக் கேள்" என்றார் தலைமையாசிரியை. என்னைப் பார்த்து லேசாகச் சிரிக்கவும் செய்தார்.

கேட்டேன்.

அந்தப் பெண் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, வேணாம்மா. எனக்கு ஆட வராதும்மா."

அவர் அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார். "சும்மா இரு. பெரியவங்க கேக்கும்போது இல்லன்னு சொல்லலாமா? நீ சொல்லு தங்கச்சி, நல்லா ஆடுவான்னு சொல்லு."

சொன்னால் போதும். ஒரே ஒரு வார்த்தை. அந்த அம்மாவே சொல்லச் சொன்னதுதான், பொய்கூட இல்லை. திரை எனக்கு, பயிற்சி எனக்கு, அப்பா மறுபடி என்னோடு பேசுவார். நான் அந்தப் பெண்ணைப் பார்த்திருக்கக் கூடாது. பார்த்துத் தொலைத்தேன். தலையணை உறையை அவள் பிடித்திருந்த பிடியில் விரல்கள் வெளுத்திருந்தன.

"ஆடமாட்டாளாம், மேடம்" என்றேன். "அவர்கள் வீட்டில் அதற்கு அனுமதி இல்லையாம். ஆடினால் அப்பா காலை ஒடித்துவிடுவாராம்."

தலைமையாசிரியை அதிர்ந்து போனார். "வேண்டாம், வேண்டாம். வயலினே போதும் என்று சொல்" என்றார்.

"என்ன சொல்றாங்க தங்கச்சி?"

"சேத்துக்கிட்டாங்க அக்கா."

அவர் கைகூப்பி, நான் கற்றுக்கொடுக்காமலே, "தேங்க்யூ டீச்சர்" என்றார். அதுமட்டும் எல்லா அம்மாக்களுக்கும் தெரிந்திருக்கிறது. தலைமையாசிரியை என் பக்கம் திரும்பி, "வருந்துகிறேன். அப்படியானால் இந்த வருஷமும் நீதான்" என்றார்.

வராந்தாவில் அந்தப் பெண் பின்னாலேயே ஓடி வந்தாள். அவளுக்கு ஆங்கிலம் புரியும், எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "அக்கா, ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

தியாகம் அது இதென்று யாரும் என்னைத் தூக்கி வைக்க வேண்டாம். எனக்கு அவள்மேல் அப்படி ஓர் ஆத்திரம். "வாய மூடிக்கிட்டு போய் வாசி" என்றேன். "விழாவுல ஒரு இடம் தப்புச்சு, கொன்னுடுவேன்."

திரையை என் வகுப்புத் தோழி வரைந்தாள். பயிற்சிக்கும் அவள்தான் போனாள். நான் தட்டச்சு கற்றுக்கொண்டு ஒரு கப்பல் கம்பெனி அலுவலகத்தில் சேர்ந்தேன்.

விழா அன்று அந்தச் சலங்கையைக் கட்டிக்கொண்டு கடைசியாகக் குதித்தேன். முடிவில் ஆடியவர்கள் எல்லோரும் கைகோத்துச் சிரித்தபடி மேடையில் நிற்க வேண்டும்; கீழே வாத்தியக் குழு வாசிக்கும். நின்றேன். எனக்குப் பின்னால் இருந்த திரையில் தென்னை மரத்தின் நிழல் சூரியன் இருக்கிற பக்கமே விழுந்திருந்ததை ஒத்திகையிலேயே பார்த்திருந்தேன். திரும்பிப் பார்க்கவும் முடியாது, சிரிப்பை நிறுத்தவும் முடியாது. கீழே வயலின் வரிசையின் கடைசியில் அவள் தலை குனிந்து வாசித்துக்கொண்டிருந்தாள். என்னை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. எங்கே தப்புவாள் என்று முழுப் பாட்டையும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஓர் இடத்தில்கூடத் தப்பவில்லை.