போக்கனோஸ் இறக்கத்தில் நான் அடித்த ஹார்ன்

உயிரோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அதற்காகவே முதலில் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். போன ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி இருக்கும். பென்சில்வேனியாவில் போக்கனோஸ் மலைச் சாலை ஒன்றில் என் கார் என் பேச்சைக் கேட்க மறுத்துவிட்டது. உள்ளே நான், என் மனைவி ஸ்டெல்லா, எங்கள் ஒரே மகள் ஷாரன். மூன்று பேரும் ஐஸ் மேல் வழுக்கிக்கொண்டு ஒரு பள்ளத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம்.

எப்படி அங்கே போனோம் என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது நியூஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனில். குளிர்காலத்தில் பார்க்கிங்கிலிருந்து ஆபீஸ் வாசல்வரை ஓடுவதே எனக்குப் பெரிய பயணம். பனியில் கேம்பிங் போகலாம் என்றது பதினாறு வயது ஷாரன்தான். ஒரு மரக் கேபின், ஒரு விறகு அடுப்பு, இரண்டு இரவு. முணுமுணுத்துக்கொண்டே போனேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், சந்தோஷமாக இருந்தது. வெளியே தீ மூட்டி ஸ்டெல்லா உப்புமா கிண்டினாள். வீட்டில் உப்புமா என்றாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் ஷாரன், தட்டை இரண்டாவது தடவை நீட்டினாள்.

ஞாயிறு காலை கேபின்காரர் வந்து சொன்னார். மழை வரப்போகிறது, விழுந்ததுமே ரோட்டில் ஐஸாக உறைந்துவிடும், ஐஸைக் கரைக்க உப்பு போடும் வண்டி வந்துபோகிறவரை இங்கேயே இருங்கள் என்றார். நல்ல மனிதர். எனக்கு அவர் பேச்சு பிடிக்கவில்லை. அன்று மாலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். சபையிலிருந்து பத்துப் பன்னிரண்டு குடும்பம் வரும். ஆரம்ப ஜெபம் நான்தான் செய்ய வேண்டும்.

“ஏங்க, அவர் சொல்றதக் கேப்போம். ஒரு மெசேஜ் போட்டா எல்லாரும் புரிஞ்சிப்பாங்க” என்றாள் ஸ்டெல்லா.

“அப்பா, வீ ஷுட் வெயிட். டிரைவிங் கிளாஸ்ல சொன்னாங்க, ஐஸ் இஸ் த வொர்ஸ்ட்” என்றாள் ஷாரன். அவள் அப்போதுதான் பெர்மிட் வாங்கி, கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள்.

“நீ பெர்மிட் வாங்கி ஆறு வாரம் ஆவுது. நான் அம்பத்தூர் எஸ்டேட்ல லாரிக்கு நடுவுல வண்டி ஓட்டினவன். கர்த்தரோட காரியத்துக்குப் போறோம், அவர் பாத்துப்பார்” என்றேன். கர்த்தரையே இழுத்துவிட்ட பிறகு யார் என்ன பேச முடியும்? இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு பெட்டியைக் கட்டினார்கள். எனக்கு இருந்தது அவசரம். அதற்கு விசுவாசம் என்று பேர் வைத்தேன். இப்போது எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

இரண்டரை மணிக்குக் கிளம்பினோம். மழை தூற ஆரம்பித்தது. ரோடு ஈரமாக இருக்கிற மாதிரிதான் தெரிந்தது. ஒரு மேட்டில் ஏறி மறுபக்கம் இறங்கியபோது முன்னால் ஒரு வளைவு வந்தது. அதற்கு அப்பால் தடுப்பு எதுவும் இல்லை, பள்ளமும் அடியில் ஓடையும்தான். பிரேக்கை மிதித்தேன். கார் நிற்கவில்லை. இன்னும் அழுத்தினேன். ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினேன், வலது பக்கம் திருப்பினேன். அது பாட்டுக்கு நேராகப் போனது.

அம்பத்தூரில் எனக்குக் கற்றுக்கொடுத்தது இரண்டே விஷயம். ஆபத்து என்றால் பிரேக்கை அமுக்கு, ஹார்னை அடி. இரண்டையும் செய்தேன். எதிரே ஈ காக்கா கிடையாது. யாருக்கு அடிக்கிறேன் என்று எனக்கே தெரியாது. ஆனாலும் உள்ளங்கையை ஹார்னிலிருந்து எடுக்கவே இல்லை.

சபையில் என்னைத் தெரிந்தவர்களுக்கு என் ஜெபமும் தெரியும். உலக சமாதானத்தில் ஆரம்பித்து, ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில்தான் சாப்பாட்டுக்கு வருவேன். பிரியாணி ஆறிப்போகும். அன்றைக்கு எனக்கு வாயில் வந்தது நாலே வார்த்தை. “இயேசப்பா, என்ன செய்யணும் சொல்லுங்க!” சத்தமாகக் கத்தினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஜெபம் பண்ணிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேன்.

பதில் பின் சீட்டிலிருந்து வந்தது. இங்கிலீஷில் வந்தது.

“அப்பா! ஃபுட் ஆஃப் த பிரேக்! பிரேக்க விடுங்க! ஸ்டியர் ரைட், இன்டு த ஸ்னோ!”

என் காலுக்குப் பிரேக்கை விட மனசே இல்லை. இறக்கத்தில் பிரேக்கை விடுவதா? பைத்தியமா? ஆனால் விட்டேன். ஏன் விட்டேன் என்று இன்றுவரை கேட்டுப் பார்க்கிறேன். என் சுபாவத்துக்கு அது நடக்கக்கூடிய காரியமே இல்லை. விட்டதும் சக்கரம் உருள ஆரம்பித்தது, ஸ்டியரிங்குக்கு உயிர் வந்தது. மெல்ல வலது பக்கம் திருப்பினேன். ரோட்டோரம் ஒதுக்கிக் குவித்திருந்த பனிக்குள் கார் தலையைக் கொடுத்து நின்றது. வளைவுக்கு இன்னும் இரண்டு கார் நீளம்தான் பாக்கி.

ஸ்டெல்லா அழுதுகொண்டே ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்றாள். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. ஷாரன் எட்டி என் கையைப் பிடித்து ஹார்னிலிருந்து எடுத்துவிட்டாள். அப்போதும் அதை அழுத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

அங்கே செல்போனில் சிக்னல் சுத்தமாக இல்லை. எப்படி வெளியே வருவது, யாரைக் கூப்பிடுவது என்று நாங்கள் முழித்துக்கொண்டிருக்கும்போதே, மரங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு அம்மா வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கையில் ஒரு வாளி நிறைய அடுப்புச் சாம்பல். வழுக்காமல் இருக்க அதை ஐஸ் மேல் தூவித் தூவி, அதன் மேல் கால் வைத்து நடந்து வந்தார். மரத்துக்குப் பின்னால் ஒரு வீடு இருப்பதே எங்களுக்குத் தெரியாது. இந்த ரோட்டில் யாரும் ஹார்ன் அடித்து நான் கேட்டதே இல்லை, யாரோ சாகிறார்கள் என்று நினைத்து ஓடி வந்தேன் என்றார். என் முட்டாள்தனத்தைக்கூடக் கர்த்தர் வீணாக்கவில்லை.

சாம்பல் பாதையில் எங்களை வீட்டுக்குக் கூட்டிப்போனார். அடுப்புப் பக்கத்தில் உட்கார வைத்து, சூடாக சாக்லேட் பால் கொடுத்தார். அவர் வீட்டு போனிலிருந்து உப்பு வண்டிக்குச் சொன்னார். அதே போனில் நான் எங்கள் பக்கத்து வீட்டு அங்கிளைக் கூப்பிட்டேன், ஜெபக்கூட்டத்தைத் தன் வீட்டில் நடத்திக்கொள்கிறேன் என்றார். நான் இல்லாமலே கூட்டம் நன்றாக நடந்ததாம், சாப்பாடும் சூடாக இருந்ததாம். உப்பு வண்டி டிரைவர் எங்கள் காரைப் பனியிலிருந்து இழுத்துவிட்டார். அந்த வண்டிக்குப் பின்னாலேயே ஊர்ந்து ஹைவேக்கு வந்து, எட்டரை மணிக்கு வீடு சேர்ந்தோம்.

அந்த அடுப்புப் பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இந்தச் சாட்சி முடியாது. நான் ஷாரனிடம், “அப்பா ஜெபம் பண்ணினேன் பாத்தியா, கர்த்தர் உன் மூலமா பதில் சொன்னார்” என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

அவள் கப்பைக் கீழே வைத்தாள். “ஐ வாஸ் ப்ரேயிங் டூ, அப்பா.”

“நீ என்னம்மா ஜெபிச்ச? கார் நிக்கணும்னா?”

“நோ. நான் சொல்றத நீங்க கேக்கணும்னு.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. காரை நிறுத்துவது கர்த்தருக்கு ஒரு பெரிய காரியமே இல்லை. என்னைக் கேட்க வைத்தாரே, அதைத்தான் நான் அற்புதம் என்று சொல்கிறேன்.

அன்றிலிருந்து ஜெபம் முடிந்ததும் ஐந்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டு உட்காருகிறேன். வீட்டில் யாராவது ஒன்று சொன்னால், முழுவதும் சொல்லி முடிக்க விடுகிறேன். ஸ்டெல்லாவுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை, எத்தனை நாளைக்கு என்று பார்க்கிறாள்.

பிரியமானவர்களே, உங்கள் வாழ்க்கையும் இப்போது நிற்காமல் வழுக்கிக்கொண்டிருக்கலாம். தயங்காமல் அவரைக் கூப்பிடுங்கள். நாலு வார்த்தை போதும், அவருக்குக் கேட்கும். ஆனால் கூப்பிட்ட பிறகு, உங்கள் வீட்டில் இருக்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் கேளுங்கள். நீங்கள் கேட்க வேண்டும் என்று அவர்களில் ஒருவர் ரொம்ப நாளாக ஜெபித்துக்கொண்டிருக்கலாம்.