வாசற்படியிலிருந்து கூடத்துக்கு

வெல்டா ஸ்ட்ரிக்லண்டுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் கிழவர்களை வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, துணி மாற்றுவது அவள் வேலை. எனக்கும் அதே வேலைதான். ஆர்கன்சாஸின் இந்த மலைப்பக்கத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நாலு மைல்கூட இருக்கும். எங்கள் பையில் வலி மாத்திரை இருக்கும் என்பது ஊருக்கே தெரியும். அதற்காக எங்களோடு வேலை பார்த்த ஒருத்தியின் தாடையை எவனோ உடைத்தான். அந்த வாரமே வெல்டா கைத்துப்பாக்கி வாங்கினாள். அதை மறைத்து எடுத்துப்போக உரிமம் எடுத்துவிடலாம் என்று என்னையும் வகுப்புக்குக் கூட்டிப் போனாள்.

தீயணைப்பு நிலையத்தின் பின்அறையில், ஒரு சனிக்கிழமை முழுக்க வகுப்பு. நடத்தியவர் டாய்ல் கிராப்ட்ரீ, ஓய்வுபெற்ற போலீஸ்காரர். வெல்டா துப்பாக்கியைக் கைப்பையிலிருந்து எடுத்ததைப் பார்த்துச் சிரித்தார்.

"அம்மணி, பையைப் பறிச்சுட்டு ஓடுறவன் துப்பாக்கியையும் சேர்த்துத்தான் கொண்டுபோவான். அப்புறம் எதை வெச்சு சுடுவீங்க, உதட்டுச் சாயத்தை வெச்சா?"

அன்றிலிருந்து அவள் இடுப்பில்தான் வைத்தாள், மேலே தொளதொளத்த சட்டை. அவர் சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். நீதிமன்றத்துக்குள், பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் சுடலாம். வீட்டை உடைத்து உள்ளே வந்தவனைச் சுட்டால் சட்டம் அதிகம் கேள்வி கேட்காது. தாக்க வந்தவன் முதுகைக் காட்டினால் விரலை எடுத்துவிட வேண்டும்.

மதியம் சாப்பிடும்போது ஒருவன், சுடப்பட்ட ஆள் வீட்டுக்கு வெளியே விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டான்.

"உள்ள இழுத்துப் போட்டுட்டு அப்புறம் போன் பண்ணு," என்றார் டாய்ல், வாய் நிறைய ரொட்டியோடு.

எல்லோரும் சிரித்தோம். வெல்டா குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருடம் அவள் அந்தச் சட்டத்தைப் பூசைபோலக் காத்தாள். ஆஸ்பத்திரி வாசலில் துப்பாக்கி கூடாது என்று அறிவிப்பு இருக்கிறதென்று ஒவ்வொரு முறையும் காரில் ஒரு பெட்டிக்குள் துப்பாக்கியைப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போவாள்.

பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் அவள் வாசற்படி ஏறும்போது காருக்குப் பின்னாலிருந்து டெரல் ஹாட்ஜ் வந்தான். பக்கத்து ரோட்டுப் பையன், இருபத்தாறு வயது. கையில் வீல் ஸ்பேனர். மாத்திரையைக் கேட்டான், ஸ்பேனரை ஓங்கினான். அவள் இரண்டு முறை சுட்டாள். படியிலேயே சரிந்தான்.

அப்படியே நின்று போலீசைக் கூப்பிட்டிருந்தால் விசாரணை ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். அரசு வக்கீலே பிறகு வெளியே அப்படிச் சொன்னாராம். ஆனால் அவன் விழுந்திருந்தது வெளியே. அவள் அவனைக் கக்கத்தில் பிடித்துக் கூடம்வரை இழுத்தாள். அவன் உடைத்துக்கொண்டு வந்ததாகத் தெரிய வேண்டுமே என்று அவன் ஸ்பேனரை எடுத்துத் தன் கதவுப் பூட்டைத் தானே உடைத்தாள். பிறகுதான் போன் செய்தாள். இடையில் பதினோரு நிமிடம். அவ்வளவு நேரமும் அவன் உயிரோடு இருந்தான் என்று டாக்டர் சொன்னார்.

படியிலிருந்து கூடம்வரை ரத்தக் கோடு. ஸ்பேனரில் அவள் கைரேகை. அது அவளுடைய ஸ்பேனர்தான், வெறுங்கையோடு வந்தவனைச் சுட்டுவிட்டுக் கதை கட்டினாள் என்றார் அரசு வக்கீல். நோட்டையும் எடுத்துக் காட்டினார். 'உள்ளே இழு, பிறகு போன்' என்று அவள் கையெழுத்து. யார் சொன்னது என்று அவள் எழுதியிருக்கவில்லை.

டாய்ல் சாட்சிக் கூண்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சட்டத்துல இருக்கறதைத் தவிர ஒரு வார்த்தை நான் சொன்னதில்லைங்க. சொல்லியிருந்தா என் சான்றிதழைப் பிடுங்கிடுவாங்களே."

அடுத்து லுவான் என்று என் பெயரைக் கூப்பிட்டார்கள். என் கணவர் டாய்லின் தம்பியுடைய கோழிப்பண்ணையில் வேலை பார்க்கிறார். எனக்கு ஞாபகமில்லை என்றேன். வெல்டா என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு வருடம் கொடுத்தார்கள். டெரலின் அம்மா தனியாக வழக்குப் போட்டு வெல்டாவின் வீட்டையும் வாங்கிக்கொண்டாள்.

ஒரே ஒரு தடவை சிறைக்குப் போனேன். அங்கிருந்த இயந்திரத்திலிருந்து சிப்ஸ் வாங்கிக் கொடுத்தேன். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு பேசினாள்.

"இழுக்கும்போது கால் குளிருதுன்னான், லுவான். ஒரு ஷூ படியிலேயே கழண்டுடுச்சு. எடுத்துட்டு வந்து மாட்டிவிட்டேன். நம்ம கிழவங்களுக்கு மாட்டிவிடுவோம்ல, அந்த மாதிரி. அப்புறம்தான் பூட்டை உடைச்சேன்."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். தான் பார்த்துக்கொண்ட மிஸ்டர் பாலிங்கரை இப்போது யார் குளிப்பாட்டுகிறார்கள் என்று கேட்டாள். அவர் அவளுக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு நவம்பரிலேயே இறந்துபோனார் என்றேன்.

"முதுகுல புண்ணு வந்துதா?"

வந்தது என்றேன். தலையை ஆட்டினாள். சிப்ஸை ஒவ்வொன்றாகத் தின்று முடித்து, பொட்டலத்தை மடித்து என்னிடம் கொடுத்தாள்.

"இனிமே வராத," என்றாள்.

அதன் பிறகு நான் போகவில்லை.