மீராள் லாத்தா எனக்குப் போட்ட அஞ்சு

மூட்டு அறுவை முடிந்த ஒரு பெரியவரை நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து எழுந்து உட்காரச் சொல்லி எண்ணிக்கொண்டிருந்தேன். அரை நிமிடத்தில் எத்தனை தடவை எழுகிறார் என்று பார்த்தால் தொடை எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்று தெரிந்துவிடும். அந்த நேரம் கைபேசியில் செய்தி வந்தது. "எங்க உம்மா மௌத் ஆயிட்டாங்க." அம்மா இறந்துவிட்டார் என்று மீராள் லாத்தாவின் மகள் ஷமீமா அனுப்பியிருந்தாள். எந்த உம்மா, யாருடைய உம்மா என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. பெரியவர் பாவம், எழுந்து எழுந்து உட்கார்ந்துகொண்டே இருந்தார். "ஏம்மா, போதுமா, இன்னும் உண்டுமா?" என்று அவர் மூச்சு வாங்கக் கேட்டபோது எத்தனை எண்ணினேன் என்றே எனக்குத் தெரியவில்லை.

என்னோடு வேலை பார்த்த லாத்தாவைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பாளையங்கோட்டையில் எங்கள் பிசியோதெரபி நிலையத்துக்கு வந்து போனவர்களில் அவர் கையால் அமுக்கப்படாதவர்கள் குறைவு. சொந்த ஊர் மேலப்பாளையம். குள்ளம். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் கட்டில் பக்கம் வந்து நின்றாலே நோயாளிகள் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். வயதில் எனக்கு நாலைந்து வருடம் மூத்தவர்; அக்காவை அவர்கள் வீட்டில் லாத்தா என்பார்கள், எனக்கும் அவர் லாத்தாதான். என்னை ஒரு நாளும் கோமதி என்று முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை; "ஏளா கோமு" என்பார், அதுவும் ஊருக்கே கேட்கும்படி.

தசையின் பலத்தைக் கையால் பார்க்கும் முறை ஒன்று உண்டு. நோயாளி கையையோ காலையோ தூக்கிப் பிடிக்க வேண்டும். நாங்கள் அதைக் கீழே தள்ளுவோம். துடிப்பே இல்லையென்றால் பூஜ்யம். தன் எடையை மட்டும் தூக்கி நிறுத்தினால் மூன்று. கொஞ்சம் எதிர்த்து நின்று விட்டுக்கொடுத்தால் நான்கு. நாங்கள் முழு பலத்தோடு தள்ளியும் அசையாமல் நின்றால் ஐந்து. இவ்வளவுதான் மார்க். இதில் ஒரு சங்கடம் இருப்பதைப் படிக்கும்போதே சொல்லித் தருவார்கள்: தள்ளுகிறவரின் பலம்தான் இங்கே அளவுகோல். அதைப் பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துவிடுவோம்.

ஒரு முறை ஆயுதப்படைக் காவலர் ஒருவர் தோள் வலியென்று வந்தார். நல்ல ஆகிருதி. லாத்தாவைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு. "நீங்களா தள்ளப் போறீய? பாத்து, கை சுளுக்கிரப் போவுது" என்றார். லாத்தா அவர் கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொல்லி, மணிக்கட்டுக்கு மேலே உள்ளங்கையை வைத்து ஒரு அமுக்கு அமுக்கினார். கை தொப்பென்று இறங்கியது. காவலர் முகம் போன போக்கைப் பார்த்து நான் திரைக்குப் பின்னால் போய்ச் சிரித்தேன். "இன்னொரு தடவ பாப்போம்" என்றார் அவர். "உங்க பலத்துக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. தோள்ல நரம்பு நசுங்கியிருக்கு. வீம்பு பண்ணாம படம் எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு லாத்தா அடுத்த கட்டிலுக்குப் போனார். படம் எடுத்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் இருந்தது.

பலம் வேறு, தாக்குப்பிடிப்பது வேறு என்பதை அவர் யாருக்கும் விளக்கிச் சொல்லமாட்டார், செய்ய வைத்துவிடுவார். நயினார்குளம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஒருவர் இடுப்பு வலிக்காக வந்தார். பிடியளக்கும் கருவியைக் கையில் கொடுத்தால் முள் ஓடிப்போய் ஓரத்தில் நின்றது. எனக்கு வாய் பிளந்துவிட்டது. லாத்தா அவரைச் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் இருப்பதுபோல் இருக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் தொடை நடுங்கி, மனிதர் சறுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு தடவ இழுக்கதுக்கு வீம்பு போதும், தம்பி. நின்னு சுமக்கதுக்குத்தான் தசை வேணும்" என்றார் லாத்தா. அந்தத் தம்பிக்கு லாத்தாவை விட வயது அதிகம். அதை யாரும் கேட்கவில்லை.

எனக்கும் அவருக்கும் தீராத சண்டை ஒன்று உண்டு. நிலையத்துக்குத் தசை பலம் அளக்கும் மின்கருவி ஒன்று வாங்கினார்கள். அதன் பட்டையைச் சுவரிலுள்ள கொக்கியில் மாட்டிவிட்டால் தள்ளுவதற்கு ஆளே வேண்டாம்; நோயாளி இழுத்தால் எவ்வளவு என்று திரையில் தெரிந்துவிடும். லாத்தா அதை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். "உங்க கை ஒரு நாளப்போல ஒரு நாள் இருக்குமா லாத்தா? மெஷினுக்கு அந்தக் கோளாறு கிடையாதுல்லா?" என்பேன். "மெஷினுக்கு எதுக்க இருக்கவன் பயப்படுதானா, நடிக்கானான்னு தெரியுமாளா? என் கைக்குத் தெரியும்" என்பார். உண்மையும் அதுதான். லீவு வாங்குவதற்காகக் கை வரவில்லை என்று வந்த எத்தனையோ பேரை அவர் ஒரே அமுக்கில் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். நான் தோற்று, காப்பி குடிக்கப் போய்விடுவேன்.

போன வருடம் ஒரு விசித்திரம் நடந்தது. லாத்தாவிடம் போன நோயாளிகள் எல்லாரும் தேறிக்கொண்டே வந்தார்கள். பக்கவாதத்தில் ஒரு கை விழுந்துபோன அம்பாசமுத்திரத்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், மூன்றிலேயே மாதக்கணக்காக நின்றவர், மளமளவென்று நான்குக்கும் ஐந்துக்கும் போனார். ஏரல்காரர் ஒருவர் கால் முழுசாகச் சரியாகிவிட்டது என்ற சந்தோஷத்தில் ஒரு தார் வாழைப்பழத்தைத் தலையில் சுமந்துகொண்டு வந்து இறக்கினார். கைராசி, கைராசி என்று ஒரே பேச்சு. என் நோயாளிகளோ பைய நகர்ந்துகொண்டிருந்தார்கள். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது என்று சொல்வதில் என்ன வெட்கம்? "அப்படி என்ன மந்திரம் போடுதீங்க லாத்தா?" என்று கேட்டேன். "துஆதான், வேற என்ன?" என்று பிரார்த்தனையைச் சொல்லிவிட்டு ஒரு பழத்தைப் பிய்த்து என் வாயில் திணித்தார்.

அந்த வருடம்தான் வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் என் ஸ்கூட்டர் சறுக்கியது. வலது தோள் எலும்பு உடைந்தது. எங்கள் வேலையில் தோள் போனால் பிழைப்பு போச்சு. படுத்த படுக்கையாகக் கிடப்பவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது நம் கை விட்டுக்கொடுத்தால் அவர் கீழே கிடப்பார். எலும்பு கூடிய பிறகும் எனக்கு அந்தப் பயம் போகவில்லை. லாத்தா ஐந்து போட்டால்தான் வேலைக்குத் திரும்பலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு லாத்தா என்னைக் கட்டிலில் உட்கார வைத்தார். "கைய ஏத்துளா. நான் தள்ளுவேன், விடாத" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அமுக்கினார். என் கை அசையவில்லை. கண்ணைத் திறந்தபோது லாத்தாவின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது; உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். "அஞ்சு. நாளையில இருந்து வேலைக்கு வா" என்றார். நான் அழுதுவிட்டேன். "இன்னொரு தடவ தள்ளுங்க லாத்தா, நம்பவே முடியல" என்றேன். "ஒரு தடவ சொன்னா போதாதாக்கும்? எனக்குக் கை வலிக்குளா" என்று கையை உதறினார். நான் சிரித்தேன். மறுநாளே வேலைக்குப் போனேன்.

அதற்குப் பிறகு சில மாதங்களில் லாத்தா முதுகு வலி என்று வேலையை விட்டார். போனில் பேசினால் நன்றாகத்தான் பேசினார். பார்க்க வருகிறேன் என்றால், "மருந்து நாத்தமா இருக்கு, பொறவு வா" என்பார். அப்புறம் வந்தது ஷமீமாவின் செய்திதான்.

நான் மேலப்பாளையம் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். உள்ளே பெண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். ஷமீமா என்னை அடுக்களைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தாள். நரம்பு தளர்ந்து தசை கரைகிற நோயாம். கடைசியில் மூச்சு இழுக்கும் தசையும் போய்விட்டதாம். "எப்ப இருந்துடி?" என்று கேட்டேன். "ஒரு வருசத்துக்கு மேல இருக்கும் மாமி. முதல்ல ஊறுகாய் பாட்டில் மூடி திறக்க வரல. பொறவு டீ டம்ளரையே ரெண்டு கையாலதான் புடிப்பாங்க. கோமுகிட்ட மட்டும் மூச்சு விடாதன்னு உம்மா என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க" என்றாள். அந்தத் துக்க வீட்டில், இத்தனை பேர் அழுதுகொண்டிருக்கும்போது, நான் உட்கார்ந்து மார்க் கணக்குப் பார்த்தேன். எல்லாரும் தேறினார்களா, இல்லை அவர் கை தளர்ந்ததா?

அன்றிலிருந்து என் தலை குழம்பிக் கிடக்கிறது. அவருக்குத் தெரியாமல் இருந்திருக்குமா என்று ஒரு சமயம் தோன்றும். டம்ளர் பிடிக்க முடியாதவருக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. வேலையை விடுவதற்கு முந்தின மாதங்களில் அவர் கையால் தள்ளிப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டே வந்தார். நாற்காலியில் எழுந்து உட்காருவது, ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்துவது, சுவரில் சாய்ந்திருப்பது என்று எல்லாவற்றையும் நோயாளியின் சொந்த எடையை வைத்தே பார்த்தார். கையை நம்பக்கூடாது என்ற என் வாதம் ஜெயித்துவிட்டது என்று நான் குதித்தேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியென்றால் என் தோளை மட்டும் ஏன் கையால் பார்த்தார்? பீரோவில் கருவி இருந்தது. சுவரைத் தள்ளச் சொல்லியிருக்கலாம். நான் பயந்துபோய்க் கிடந்தேன் என்று பொய்யாக ஐந்து போட்டாரா? தன் கையில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறதா என்று என் தோளில் பார்த்துக்கொண்டாரா? ஒன்றை நம்பினால் மற்றது இடிக்கிறது. எனக்குக் கோபமும் வருகிறது. என்னிடம் சொன்னால் நான் என்ன ஊரெல்லாம் தமுக்கடிக்கவா போகிறேன்? உங்கள் மேசைக்கு அடுத்த மேசையில்தானே லாத்தா இருந்தேன்?

கோபப்பட்டுக்கொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை. இல்லாத பலத்தை நம்பி யாராவது மாடிப்படி ஏறினால்? அவர் கையால் ஐந்து வாங்கிப் போனவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பீரோவைத் திறந்து, கருவியைக் கொக்கியில் மாட்டிப் பார்த்தேன். அம்பாசமுத்திரத்து வாத்தியார் இழுத்தார் பாருங்கள், இரண்டு கையும் ஒரே அளவு! அசல் ஐந்து. ஏரல்காரருக்கு ஒரு கால் நன்றாகவே குறைந்தது; மறுபடி பயிற்சிக்கு வரச் சொன்னேன். "லாத்தா சரியாயிட்டுன்னாங்களே" என்றார் அவர், என்னைச் சந்தேகமாகப் பார்த்தபடி. சிலருக்குச் சரி, சிலருக்குத் தப்பு. எல்லாமே தப்பாக இருந்திருந்தால்கூட ஒரு நிம்மதி கிடைத்திருக்கும்.

கடைசியில் என் தோள். அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். என்னோடு வேலை பார்க்கும் செல்வத்தைக் கூப்பிட்டுத் திரையைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் பட்டையை இழுத்தேன். "இடதை விட வலது கம்மிக்கா" என்றான். எத்தனை தடவை இழுத்தும் அதேதான். என் பாட்டுக்கு இவ்வளவு நாளும் இந்தக் கையால்தான் ஆட்களைத் தூக்கினேன். ஒருவரையும் கீழே போட்டதில்லை. அது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. விளக்கக்கூடியவர் இப்போது இல்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த அஞ்சைத்தான். அன்பா, தப்பா, கடைசி வீம்பா என்று தெரியாமலே வைத்திருக்கிறேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு தள்ளியது நிச்சயம். தன்னிடம் இருந்தது முழுவதையும் போட்டுத்தான் தள்ளினார். அதற்கு மேல் அவரிடம் என்ன கேட்பது?

நேற்று மணிமுத்தாற்றுக்காரர் ஒருவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற வேண்டியிருந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவர், நல்ல கனம். கையை அவர் முதுகுக்கு அடியில் கொடுத்துவிட்டு அப்படியே நின்றேன். பிறகு, "செல்வம், ஒரு கை வந்து புடி. எனக்குத் தோள்ல பலம் காணாது" என்று சத்தமாகவே கூப்பிட்டேன். இந்த ஒரு வார்த்தையைத்தான் லாத்தா ஒரு வருடமாகச் சொல்ல முடியாமல் இருந்திருக்கிறார்.

கட்டிலில் இருந்தவர் பதறிவிட்டார். "ஏம்மா, போன மாசம்லாம் ஒத்தையில தூக்குனீங்களே?"

"அப்ப எனக்கு அஞ்சு, அண்ணாச்சி" என்றேன். "அஞ்சு போட ஆள் இருந்தாங்க."