கடைக்குட்டியின் பங்கு

1. நூற்றிருபது கட்டி

என்னிடம் சோப்பு செய்யக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதலில் கேட்பது அச்சு எங்கே கிடைக்கும் என்றுதான். அடுத்தது வாசனை எண்ணெய். பாலைப் பற்றி இதுவரை ஒருத்தர்கூட வாய் திறந்ததில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். இதில் வரும் தப்பு முழுக்க என்னுடையது. ஆடுகளைப் பார்த்துக்கொண்ட தனத்தின் மீதோ, சோப்பு கேட்டவர் மீதோ அதில் ஒரு துளியும் இல்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தேன். இம்மி பிசகினாலும் ரிஜெக்ட் போட்டுவிட்டு, சூப்பர்வைசர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவள். விருப்ப ஓய்வு வாங்கியதும் வெள்ளானூரில் எங்கள் மனையில் கொட்டகை போட்டு, தலைச்சேரி ஆடுகள் வளர்க்கவும், அவற்றின் பாலில் சோப்பு செய்து விற்கவும் ஆரம்பித்தேன். பின்தெரு தனம் காலையும் மாலையும் வந்து ஆடுகளை மேய்க்க ஓட்டிக்கொண்டு போவாள், பால் கறப்பாள். ஆடு என்றால் எனக்குப் புத்தகத்தில் படித்தது. அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்தது.

ஒருநாள் நித்யா போன் செய்தாள். கோயம்புத்தூர்ப் பெண், கணினி வேலை, பருத்திப்பட்டில் ஃபிளாட். அவள் மகளுக்கு முதல் பிறந்தநாள் வருகிறது. வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சோப்பு கொடுக்க வேண்டுமாம்.

"நூத்தி இருபது கட்டி வேணுங்க ஆண்ட்டி. ஆட்டுப் பால் சோப்புன்னு எல்லாருகிட்டயும் சொல்லிட்டனுங்க."

அதுவரை நான் ஒரே தடவையில் முப்பது கட்டிக்கு மேல் அச்சில் ஊற்றியதில்லை. சரி என்று சொல்லும்போதே குரல் கொஞ்சம் துள்ளியது எனக்கே கேட்டது. விழாவுக்கு எட்டு வாரம் இருந்தது. வெட்டிய சோப்பை ஆறு வாரமாவது காற்றாட அடுக்கிவைக்க வேண்டும். அதை க்யூரிங் என்போம். அதைக் குறைத்தால் சோப்பு இறுகாது, நாலே குளியலில் கரைந்து போகும். உறை போட நாலைந்து நாள் ஒதுக்கினால், பாலைச் சேர்க்க என் கையில் எட்டு ஒன்பது நாள்தான்.

2. மூன்று லிட்டர்

அந்த அளவுக்கு மூன்று லிட்டர் பால் வேண்டும். பாலைக் கறந்த சூட்டோடு பயன்படுத்தவும் முடியாது. சோப்புக்குச் சேர்க்கும் காஸ்டிக் சோடா பட்டதும் பால் கொதித்து, கருகி, செம்பழுப்பாகி நாறும். அதனால் ஐஸ் கட்டியாக உறைய வைத்து, அதன்மேல் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கரைப்போம்.

அப்போது கொட்டகையில் பால் கொடுத்துக்கொண்டிருந்தது ராணி ஒன்றுதான். இன்னொரு ஆடு சினை. ராணி மூன்று குட்டி போட்டுப் பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. மடியில் காம்பு இரண்டு. வலுத்த இரண்டு குட்டிகளும் முட்டி மோதி அதைப் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் வெள்ளை. அதற்கு நாங்கள் வைத்த பெயர் கடைக்குட்டி. மற்றவை முட்டும்போது அது ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கும். அதற்காகக் காலையில் குட்டிகளை விடுவதற்கு முன்பே தனம் ஒன்றரை டம்ளர் கறந்து வைத்துவிடுவாள். அதைப் புட்டியில் ஊற்றி நாளெல்லாம் நாலு வேளையாகக் கொடுப்போம்.

அந்த ஒன்றரை டம்ளர்தான் என் கண்ணில் பட்டது. ஒன்பது நாள் சேர்த்தால் மூன்று லிட்டர் தேறிவிடும். கடைக்குட்டிக்குக் கடையில் பாக்கெட் பால் வாங்கினேன். சின்ன வயிறாயிற்றே என்று அதில் பாதிக்குப் பாதி தண்ணீரும் கலந்தேன். புத்திசாலித்தனம் செய்வதாகத்தான் நினைத்தேன்.

தனம் புட்டியை வாங்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது? குட்டிக்கு பாக்கெட் பாலு, ஜனங்க தேச்சிக்கினு குளிக்க ஆட்டுப் பாலா? நல்லாக் கீது உன் நாயம்."

"ஒன்பது நாள்தான் தனம். அப்புறம் பழையபடி கொடுத்துடலாம்."

"அதுக்கு நாளு எண்ணத் தெரியுமாக்கா?" என்று முணுமுணுத்துக்கொண்டே குட்டியைப் பிடித்தாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்று தெரிந்ததால் வந்த கோபம் அது. இன்று ஒத்துக்கொள்கிறேன், அன்று ஒத்துக்கொள்ளவில்லை.

ஐந்தாம் நாள் கடைக்குட்டிக்கு வயிற்றுப்போக்கு. ஆறாம் நாள் காலையில் எழுந்து நிற்க முடியாமல் கால்களைப் பரப்பிக்கொண்டு கிடந்தது. துண்டில் சுற்றி ஆட்டோவில் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் கண் இமையை விலக்கிப் பார்த்தார்.

"என்னம்மா குடுத்தீங்க?"

சொன்னேன்.

"கொஞ்சங்கொஞ்சமாப் பழக்காம ஒரே நாள்ல மாத்தியிருக்கீங்க. தண்ணி வேற. இத்துனூண்டு வயிறும்மா அது." ஊசி போட்டு, உப்புக் கரைசல் ஏற்றினார். "தாய்ப்பாலே குடுங்க. பிழைச்சா அதுலதான் பிழைக்கும்."

வீட்டுக்கு வந்ததும் ஃப்ரீசரைத் திறந்து, சேர்த்து வைத்திருந்த பால்கட்டிகளை எடுத்து வெந்நீரில் வைத்து உருக்கினேன். குட்டியை மடியில் போட்டுக்கொண்டு தனம் துளித்துளியாக வாயில் விட்டாள். நான் நித்யாவுக்குப் போன் செய்தேன்.

"இப்ப வந்து முடியாதுன்னா எப்படிங்க ஆண்ட்டி? நான் உங்களை நம்பித்தானே இருந்தேன்!"

பால் தட்டுப்பாடு, கரண்ட் இல்லை, உடம்பு சரியில்லை என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது.

"குட்டி சாகக் கிடக்குது நித்யா. அதோட பாலை எடுத்து உன் சோப்புக்கு வெச்சுட்டேன்."

மறுமுனையில் குழந்தை அழுதது. பிறகு நித்யா சொன்னாள். "மொதல்ல அதுக்குக் குடுங்க ஆண்ட்டி. சோப்பு கெடக்கட்டும். நான் வேற ஏதாச்சும் பாத்துக்கறனுங்க." அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். போனை வைத்துவிட்டு அடுக்களையில் நின்று அழுதேன்.

3. மறுபடி ஒன்றரை டம்ளர்

இரண்டு நாள் கொஞ்சம் தேறியது போல இருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தது, ஒருமுறை கத்தக்கூடச் செய்தது. மூன்றாம் நாள் விடிந்ததும் வந்து பார்த்தபோது விறைத்துக் கிடந்தது. மனையின் மூலையில் முருங்கை மரத்தடியில் புதைத்தோம். தனம் மண்ணைத் தள்ளி மூடினாள். அவள் என்னை நாலு வார்த்தை கேட்டிருக்கலாம், எனக்குத் தகும்.

அதற்குள் கறக்கும் நேரம் தாண்டியிருந்தது. ராணி வழக்கமான இடத்தில் வந்து தானாக நின்றது. தனம் உட்கார்ந்தாள். கை பழகிப்போன அளவு. அதே ஒன்றரை டம்ளர்.

அதைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றேன். இப்போது அதற்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. அவசரப்பட்டால் நித்யாவின் விழாவுக்குப் அறுபது கட்டியாவது தேற்றிவிடலாம். சொன்னால் வெட்கம், ஆனால் அந்த நேரத்திலும் மனசு அந்தக் கணக்கைப் போட்டது.

தனம் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "இப்ப எடுத்துக்கக்கா. கேக்கத்தான் ஆளில்லியே."

குத்திக்காட்ட அவள் அதைச் சொல்லவில்லை. உண்மையாகவே எடுத்துக்கொள்ளச் சொன்னாள். பாலை அப்படியே புட்டியில் ஊற்றி மற்ற இரண்டு குட்டிகளுக்கும் கொடுத்தேன். அவை வால் ஆட்டிக்கொண்டு ஒரு நிமிடத்தில் தீர்த்துவிட்டன.

அதிலிருந்து எந்த ஆடு குட்டி போட்டாலும், குட்டிகள் புல்லுக்குப் பழகும்வரை மூன்று மாதம் நான் சோப்பு ஊற்றுவதில்லை. கேட்பவர்களிடம் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். சிலர் காத்திருக்கிறார்கள், சிலர் வேறு இடம் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். உங்களுக்கும் ஒருநாள் பெரிய ஆர்டர் வரும், குரல் துள்ளும். சரி என்று சொல்வதற்கு முன்னால் எழுந்து போய்க் கொட்டகையில் எத்தனை வாய் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். அவை குடித்து மீந்தது மட்டும்தான் நம்முடையது. மீதமில்லாத நாளில் சோப்பு கிடையாது.