அஸருக்கு முன்ன வரவேண்டிய அலைக் கணிப்பு

எங்க தொழில்ல திட்டு வாங்கத் தனியா மெனக்கெட வேண்டாம். அளந்து சொன்னாலே போதும். உச்சிப்புளிப் பக்கம் ஒரு கடல் ஆராய்ச்சி நிலையத்துல நூறு கம்ப்யூட்டர் ஒண்ணா ஓடுது. எந்த புரோகிராம் டிஸ்க்குல எப்படிப் படிக்குது, எப்படி எழுதுது, எவ்வளவு நேரம் இழுக்குதுன்னு அளக்குறவ நான். இதே மாதிரி வேலையில மாட்டிக்கிட்டவங்களுக்குத்தான் என் வயித்தெரிச்சல் புரியும்.

அந்தச் சமயம், கடல்ல அலை எவ்வளவு எழும்பும்னு அந்தக் கம்ப்யூட்டருங்க போடுற அலைக் கணிப்பு தினமும் தாமதம். புதுமடத்துல எங்க காக்கா, அதான் கூடப் பொறந்த அண்ணன், அஸர் தொழுகை முடிஞ்சதும் படகெடுப்பாரு. கணிப்போ பொழுது சாஞ்சு மஹ்ரிபுக்குத்தான் வரும். மேக்க இருந்து மூர்க்கமா அடிக்கிற கச்சான் காத்து மாசம் வேற. படகு திரும்புற வரைக்கும் போனைக் கையிலயே வச்சிருப்பேன்.

பறந்த டிஸ்க்கு

முதல்ல டிஸ்க்கு மேலதான் சந்தேகம். பெரிய ஃபைல் ஒண்ணை எழுதி, உடனே திரும்பப் படிச்சுப் பாத்தேன். அடேயப்பா, என்னா வேகம்! டிஸ்க்குல குத்தமே இல்லன்னு எங்க மேலதிகாரி பெரிய சாருக்கு எழுதியும் கொடுத்துட்டேன். அப்புறம்தான் உறைச்சுது. இப்பத்தான் எழுதுன ஃபைலு மெமரியிலயே கெடந்திருக்கு. படிக்கும்போது டிஸ்க்கைத் தொடவே இல்ல. வெக்கமாப் போச்சு. கம்ப்யூட்டர் அறையில ஏசி பாக்குற முனியசாமி அண்ணன் விஷயத்தைக் கேட்டுட்டுச் சொன்னாரு: "அப்ப வாசல்ல நின்னுட்டு, வீட்டைச் சுத்திப் பாத்தாச்சுன்னு வந்துட்டீக."

கரண்டு பயம்

அடுத்து, கணிப்பு புரோகிராம் எப்படி எழுதுதுன்னு பின்னாலயே போனேன். ஃபைலைத் திறக்குது, ஒரு வரி எழுதுது, மூடுது. மறுபடி திறக்குது, ஒரு வரி, மூடுது. கணக்குக்காகக் கடலைப் பிரிச்சு வச்சிருக்குற ஒவ்வொரு புள்ளிக்கும் இதே கூத்து! கணக்குப் போடுறது கொஞ்ச நேரம்தான். மிச்சமெல்லாம் திறக்கவும் மூடவும்.

அந்தப் புரோகிராமை எழுதுன சண்முகம் சார்கிட்ட சண்டைக்கே போயிட்டேன். மதுரையில ஆராய்ச்சி பண்ணும்போது கரண்டு போயி, அவரோட மொத்த வேலையும் அழிஞ்சிருச்சாம். அன்னையில இருந்து, எழுதுனதாவது மிஞ்சட்டும்னு ஒரு வரி எழுதுனதும் ஃபைலை மூடிருவாராம். "இங்கன ரெண்டு ஜெனரேட்டர் இருக்கே சார்?"னு கேட்டேன். "அன்னைக்கும் ஒண்ணு இருந்துச்சும்மா."

நேரத்துக்கு வந்தது

சார் அரை மனசா ஒத்துக்கிட்டாரு. வரிகளைச் சேத்துவச்சு மொத்தமா எழுதுற மாதிரி மாத்துனோம். மறுநாள் மத்தியானமே கணிப்பு கையில. பாத்தா, சாயங்காலம் பலத்த கச்சான், அலை ஆளு உசரத்துக்கு மேல! காக்காவுக்குப் போன் போட்டேன். வலை ஏத்தியாச்சு, ஐஸ் போட்டாச்சு, இப்பப் போயிச் சொல்றியேன்னு கத்துனாரு. நான் அதைவிடச் சத்தமாக் கத்துனேன். படகு எடுக்கல.

சாயங்காலம் அடிச்ச காத்துல கரையோரம் கட்டியிருந்த படகே ஒண்ணோட ஒண்ணு முட்டுச்சாம். அல்ஹம்துலில்லாஹ்னு உக்காந்து அழுதுட்டேன். அப்ப காக்காகிட்ட இருந்து போன். நன்றி சொல்லத்தான்னு நினைச்சு எடுத்தேன். "ஏம்புள்ள, இத காலையிலயே சொல்லியிருந்தா ஐஸாவது போடாம இருந்திருப்பேன்ல?"

இப்ப கணிப்பைக் காலையிலயே கொண்டுவர என்ன வழின்னு அளந்துக்கிட்டிருக்கேன்; குறை சொல்ல மனுசன் கரையில இருக்காருல்ல, அது போதும்.